பாம்புகள் மேடேறிய ஆனி

பாம்பு மேடேறினால் மழை வரும் என்று என் தந்தை நம்பினார் என எழுதினால், அது பிழையான சொல்லாட்சி ஆகும். நம்புகிறவனுடைய உள்ளத்தின் ஓரத்தில் சிறிது ஐயமும் இருக்கும். அவரிடம் ஐயம் இல்லை. நெருப்பு சுடும் என்பதை அறிந்ததுபோல் அவர் இதையும் அறிந்திருந்தார். எவரிடமும் கேட்டுப் பெறாமல் உடலுழைப்பால் பெற்ற அறிவு அது. ஆகவேதான் அது பொய்த்தபோது அவரால் எவர்மேலும் பழிபோட முடியவில்லை.

தமிழும் தெலுங்கும் புழங்கும் எங்கள் எல்லைப் பகுதியில், பிச்சாட்டூரில் ஆரணியாற்றை மறித்து நீர்த்தேக்கம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். அதன் கால்வாய் பாயும் நெல்வயல்களில் என் தந்தை தம் இளமை முழுவதையும் கூலியாளாகக் கழித்தார். வரப்பைச் செதுக்கிக் கழிப்பதும் கால்வாய்க் கரைப் புதரை வெட்டுவதும் அவர் வேலைகள். வரப்பின்மேல் நடப்பவர்கள் அதன் மேற்பரப்பை மட்டுமே காண்பார்கள். மண்வெட்டி பிடித்தவன் அதன் வயிற்றில் இருக்கும் வளைகளையும் காண்பான். எந்த வளையில் சாரை கிடக்கும், எதில் தண்ணீர்ப்பாம்பு சுருண்டிருக்கும், எந்தப் புதரருகே கண்ணாடி விரியனுக்கு அஞ்சிக் காலை எடுத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவை எல்லாம் ஒருசேர வளைகளை விட்டு வெளியேறிக் கரையேறி மேட்டு நிலத்தை நோக்கிப் போவதை ஆண்டுக்கு ஒரு முறையாவது அவர் பார்த்திருக்கிறார். அப்படிப் பார்த்த சில நாள்களில் மழை கொட்டும். இது தவறியதே இல்லை என்பார்.

கூலியாளாக இருந்தவரையில் இந்த அறிவுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. விதைக்கும் நாளைக் கூலியாள் தேர்வதில்லை. நிலமுடையவர் “நாளைக்கு வா” என்பார், போக வேண்டும். மழை பிந்தினால் வேலையும் பிந்தும், அவ்வளவுதான். பின்னர் எங்கள் தெருவாருக்கு அரசு குன்றடியில் புன்செய் நிலம் ஒதுக்கித் தந்தபோது, என் தந்தையின் வாழ்வில் முதன்முறையாக அந்தக் கேள்வி எழுந்தது: என்றைக்கு விதைப்பது? தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சாங்கம் இருந்தது, பாட்டன் சொன்ன கணக்கு இருந்தது. நிலமே இல்லாதிருந்த எங்களுக்கு யார் என்ன சொல்லியிருக்க முடியும்? கீழேயுள்ள வயல்களிலிருந்து அவர் தமக்கென்று கொண்டுவந்தவை ஒரு மண்வெட்டியும் இந்தப் பாம்புக் கணக்குமே. சில ஆண்டுகள் அது பலிக்கவும் செய்தது. பலிக்காத ஆண்டுகளில் அண்டை நிலத்தாருக்கும் விளையவில்லையாதலால் அது தவறாகத் தோன்றவில்லை.

நிலம் கிடைத்த பிறகு அவர் கீழ்வயல்களுக்குக் கூலிக்கு இறங்குவதை நிறுத்தினார். சொந்த நிலத்தில் வேலை இல்லாத நாள்களிலும் போகமாட்டார். “நெலக்காரன் கூலிக்கு எறங்குனா நெலத்துக்கே அசிங்கம்” என்பார். அம்மா மாங்காய்க் காலத்தில் கூலிக்குப் போவாள். அதை அவர் தடுத்ததில்லை. மானம் தம்மைப் பொறுத்தது மட்டும் என்று எண்ணியிருக்க வேண்டும்.

நான் சொல்லவரும் ஆனி, என் அண்ணன் ஊரில் நிற்பானா போவானா என்று வீடு முழுவதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஆனி. அயல்நாட்டு முதலீடு வருகிறது, வேலை வருகிறது என்று செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதிய காலம் அது. எங்கள் ஊருக்கு ஒன்றும் வரவில்லை; ஊரிலிருந்துதான் ஆட்கள் போனார்கள். சிலர் சென்னைக்கு மேற்கே எழுந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளுக்கு, சிலர் குவைத்துக்கு, பலர் திருப்பதிக்கு. திருச்சானூரில் கோயிலைச் சுற்றிப் புதிய தங்கும் விடுதிகள் முளைத்தபடி இருந்தன. அவற்றுள் ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார ஆள் வேண்டும் என்று உறவினர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் தெலுங்கு வழியில் படித்தவன். தமிழும் தெலுங்கும் அவன் நாவில் ஒன்றையொன்று இடிக்காமல் வரும். அந்த வேலைக்கு அவனைவிடப் பொருத்தமானவன் இல்லை. ஆனால் விடுதிக்காரருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் புது ஆளைச் சேர்க்கமாட்டார்.

நான் அப்போது திருப்பதியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன்; விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு காலை, கூழ் குடித்துக்கொண்டிருக்கையில், அண்ணன் பேச்சைத் தொடங்கினான்.

“இன்னா நைனா, நான் போவட்டுமா, வேணாவா? லாட்ஜுக்காரரு கேட்டுகினே கீறாரு.”

“காயி போட்டுட்டுப் பேசலாம்” என்றார் தந்தை. காய் என்று அவர் சொன்னது வேர்க்கடலையை.

“மழயே காணம். காயி எங்க போடுறது?”

“வரும்.”

“போன வருசமும் இதான் சொன்னே.”

அடுப்படியிலிருந்து அம்மா குறுக்கிட்டாள். “போறான்னா உடேன்யா. அவன் வயசுப் பசங்க எவன் இந்த ஊர்ல கீறான்? கெழமும் நண்டுஞ்சிண்டுமாத்தான் கீது.”

“இவனும் போயிட்டா ஏரு யாரு புடிக்கிறது? உங்கண்ணனா?”

“எங்கண்ணன் புடிச்சா ஏரு நேராவாவது போவும். நீ புடிச்சா சாரப்பாம்பாட்டம்ல போவுது.”

அண்ணன் சிரித்தான். தந்தையும் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்ந்த பிறகு அண்ணன் கூழ்க்கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

“சரி நைனா, ஒரே பேச்சு. இந்த மொற காயி போடு. நான் ஏரு புடிக்கிறன். போட்டது முளைச்சி நின்னா நானும் நின்னுடறன். லாட்ஜு பேச்சே எடுக்க மாட்டன். காஞ்சிப் போச்சின்னா நான் போறன். அப்பால என்ன ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“முளைக்கும்” என்றார் தந்தை. “நீ நின்னுக்கோ.”

வேர்க்கடலை பயிரிடாதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். விதைக்கென்று எடுத்துவைத்த காயை ஓட்டோடு வைத்திருக்கும் வரை அது உயிரோடு இருக்கும். ஓட்டை உடைத்துப் பருப்பை வெளியே எடுத்துவிட்டால் நெடுநாள் வைக்க இயலாது. சில நாளில் மண்ணில் இட வேண்டும், இல்லையேல் முளைக்கும் திறன் குறைந்துவிடும். ஆகவே எங்கள் வீட்டில் விதைப்பு என்பது ஏர் பூட்டும் அன்று தொடங்குவதன்று. காய் உடைக்க உட்காரும் அன்றே தொடங்கிவிடும். அதன்பின் பின்வாங்க வழியில்லை. விதைக்கென்று அந்த ஒரு சாக்குக் காய்தான் எங்களிடம் இருந்தது.

ஆனியின் தொடக்கத்தில் ஒரு மழை பெய்தது. உழவு மழை என்று சொல்லலாம், அதற்குமேல் சொல்ல இயலாது. விரலை மண்ணில் விட்டால் இரண்டாம் கணு வரை ஈரம் தெரிந்தது. அதற்குக் கீழே மண் வறண்டு கிடந்தது. எல்லோரும் உழுதுபோட்டு, இன்னொரு மழைக்குக் காத்திருந்தார்கள். என் தந்தையும் உழுதுவிட்டுக் காத்திருந்தார்.

அந்த வாரத்தில் பாம்புகள் ஏறத் தொடங்கின.

முதலில் கண்டவள் அம்மா. விறகுக் கட்டைகளுக்கிடையே சாரை ஒன்று படுத்திருந்தது. மறுநாள் நண்பகலில், கீழ்வயல் பக்கத்திலிருந்து வரும் வண்டித்தடத்தைத் தண்ணீர்ப்பாம்பு ஒன்று அவசரமாகக் கடந்தது. அந்த வெயிலில் அந்தச் சூட்டு மண்ணில் அது நெளிந்த விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வோர் அடியும் அதற்குச் சுட்டது போலிருந்தது. அதன்பின் குட்டிகள். எங்கள் நிலத்தின் ஓரத்தில், பொறுக்கிக் குவித்த கற்குவியலில் நல்ல பாம்பு ஒன்று புகுந்ததாக ஆடு மேய்ப்பவர் சொன்னார். பெண்கள் புற்றுக்குப் பால் வார்த்தார்கள். என் தந்தை பால் வார்க்கவில்லை, கும்பிடவும் இல்லை. வண்டித்தடத்தின் ஓரத்தில் குந்தி, எது எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் கீழிருந்து மேலே வந்தன.

வீட்டுக்கு வந்தவர், “சாக்க எடு. காயி உடைக்கலாம்” என்றார்.

அடுத்த நிலத்துக்காரர் எங்களுக்கு மாமன் முறை. அவர் காதுக்கு எட்டியதும் வேலியோரம் வந்து நின்றார். “இன்னா மச்சான், பாம்பு உனுக்குத் தந்தி அட்ச்சிச்சாமே?”

“அட்ச்சிது. உனுக்கு வரலியா?”

“எனுக்கு ரேடியோவுலதான் வருது. அவன் இன்னும் பத்து நாளுக்கு மழ இல்லன்றான்.”

“ரேடியோக்காரன் எப்போடா வளையில படுத்தான்?”

மாமன் வாய்விட்டுச் சிரித்தார்; ஆனால் தம் விதைக்காயை அவர் தொடவில்லை.

அன்று அண்ணன் ஊரில் இல்லை. ஆடி பிறப்பதற்குள் தன் முடிவைச் சொல்லிவிடுவதாக விடுதிக்காரரிடம் நேரில் சொல்ல, காலைப் பேருந்தில் திருச்சானூருக்குப் போயிருந்தான். மாலையில் அவன் திரும்பியபோது நாங்கள் மூவரும் சாக்கைச் சுற்றி உட்கார்ந்து காய் உடைத்துக்கொண்டிருந்தோம். ஓடுகள் ஒருபுறம், சிவந்த பருப்புகள் முறத்தில் ஒருபுறம். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு நின்றான்.

“அதுக்குள்ள உடைக்கிறீங்க?”

“பாம்பு ஏறுதுடா. பெரிசு சிறுசு எல்லாம். நாலு நாள்ல பாரு” என்றார் தந்தை.

அண்ணன் எங்கள் முகங்களைப் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து காயை எடுத்தான். அவன் மற்றவர்களைவிட விரைவாக உடைப்பவன். அன்றும் விரைவாகவே உடைத்தான். களைப்பால் பேசாதிருக்கிறான் என்று நான் நினைத்தேன்.

விதைத்தோம். அண்ணன் ஏர் பிடித்தான். ஏர் கீறிய சாலில் அம்மாவும் நானும் பருப்பை இட்டுக்கொண்டே நடந்தோம். தந்தை முன்னால் நின்று மாடுகளை அதட்டியபடி மேற்கே பார்த்தார். மேற்கே மலைமுகட்டில் மேகம் இருந்தது. அந்த மேகத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது அங்கே இருந்தது மெய்.

அதன்பின் மழை இல்லை. மேற்குக் காற்று எழுந்து, மலைமேல் இருந்ததை எங்கோ கொண்டுபோயிற்று. இரண்டு விரற்கணு ஈரம் பருப்பை ஊறவைக்கப் போதுமாக இருந்தது, வளர்க்கப் போதவில்லை. விதைத்த மண் ஆங்காங்கே வெடித்தது. வெடிப்புக்குள் வெளுத்த முளைகள் தலையைத் தூக்கின. அவற்றைப் பார்த்த காலையில் தந்தை ஓடிவந்து எங்களை எழுப்பினார். அண்ணனும் வந்து குனிந்து பார்த்தான். அந்த முளைகள் இலை விரிக்கவே இல்லை. வெயில் ஏற ஏற முனை கருகி, தலை சாய்ந்தன. மண்ணுக்குள் இருந்தவற்றை எறும்பு துளைத்தது; கௌதாரிகள் வரிசை பிடித்து வந்து கிளறித் தின்றன. தந்தை ஒவ்வொரு நாளும் விடியலில் போய், சாலில் குந்தி, விரலால் மண்ணை விலக்கி ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். உள்ளே வெண்மை இருந்தால் மறுபடியும் மண்ணில் வைத்து மூடுவார். பிறகு மூடுவதையும் நிறுத்திவிட்டார்.

ஆனி முடியும் தறுவாயில் அண்ணன் பெட்டியை எடுத்தான். அம்மா அவனுக்கு எலுமிச்சை ஊறுகாய் கட்டிக் கொடுத்தாள். பேச்சு பேச்சுதானே, தந்தை ஒன்றும் சொல்லவில்லை. பேருந்து நிற்கும் ஆலமரம் வரை உடன் நடந்தார். “லாட்ஜுல படுக்கிற எடம் ஈரமில்லாம பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னார். பேருந்து போனபின்னும் சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

பழந்தமிழ்ச் செய்யுள்களில் பாம்பும் மழையும் அடிக்கடி சேர்ந்து வரும். இடியோசைக்கு நாகம் நடுங்குவதைப் புலவர்கள் சலிக்காமல் பாடியிருக்கிறார்கள். ஆசிரியப் பணிக்கு வந்தபின் அந்த உவமையை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் ஒன்று எனக்குத் தோன்றும்: அவர்கள் பாடியது மழை வந்த பிறகு பாம்பு படும் பாட்டை. மழைக்கு முன் பாம்பு என்ன அறியும் என்று சொன்ன பாடலை நான் படித்ததில்லை. அறிவியல் நூல்களில் நான் புரிந்துகொண்டதும் மிகுதியன்று. பாம்புக்குத் தனக்கென்று ஒரு சூடு இல்லை. நிலம் சுட்டால் உடல் சுடும், நிலம் குளிர்ந்தால் உடல் குளிரும். காற்றின் ஈரமும் மண்ணின் அதிர்வும் அதற்கு எட்டும். வளையில் நீர் புகுந்தால் வெளியே வந்தாக வேண்டும். இவற்றால் மழைக்காலத்தில் அது மிகுதியாகக் கண்ணில் படுகிறது. வரப்போகும் மழையை அது முன்னறிகிறதா என்பதற்கு உறுதியான விடை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஆனியில் நடந்ததற்கு மட்டும் விடை கிடைத்தது.

அது என் தந்தைக்கே முதலில் கிடைத்தது. விதை போனபின், மகனும் போனபின், அவர் கௌரவம் பார்க்கும் நிலையில் இல்லை. ஐப்பசியில் மழை பிடித்து நீர்த்தேக்கம் நிறைந்து, கீழ்வயல்களில் நடவு தொடங்கியபோது, அவர் பழைய மண்வெட்டியோடு பழைய வரப்புகளுக்கே கூலிக்கு இறங்கினார். முதல் நாள் நண்பகல் உணவின்போது அங்கிருந்தவர்கள் அவரைச் சீண்டாமல் விடுவார்களா? பாம்பைப் பார்த்து விதைத்த கதை அதற்குள் சுற்று வட்டாரம் எல்லாம் பரவியிருந்தது. உடன் வேலைசெய்த தெலுங்குக்காரர் ஒருவர் சோற்று வாயோடு, “வானா எக்கட மாமா! தூமு தீசினாரு கதா!” என்று சொல்லிச் சிரித்தாராம். மழை எங்கே பெய்தது, மதகை அல்லவா திறந்தார்கள் என்று பொருள்.

நீர்த்தேக்கத்தின் மதகு பழுதுபட்டிருந்தது. மழைக்காலத்திற்கு முன் அதைச் செப்பனிடுவதற்காக, எஞ்சிக் கிடந்த நீரைக் கால்வாய் வழியே ஆனியில் வெளியேற்றியிருக்கிறார்கள். கோடையில் வறண்ட கால்வாயின் கரைவளைகளில் தங்கியிருந்த பாம்புகள்மேல் அந்த நீர் பாய்ந்தது. அவை மேடேறின. அவ்வளவுதான். மாம்பழக் காலமாதலால் கூலியாட்கள் எல்லோரும் தோப்புகளுக்கும் பழக்கூழ் ஆலைகளுக்கும் போயிருந்தார்கள். தரிசாகக் கிடந்த வயல்களுக்கு இறங்க எவருக்கும் வேலை இருக்கவில்லை. கால்வாயை எங்கள் மேட்டிலிருந்து பார்க்க முடியாதபடி முட்புதர் மறைத்திருந்தது. என் தந்தை கூலியாளாகவே இருந்திருந்தால், வரப்பில் நின்ற அவர் காலை அந்த நீர் தொட்டிருக்கும்.

மாலையில் வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை. “பாம்பு பொய் சொல்லலமே. நான்தான் மானத்தப் பாத்துகினு கீறன், அது காலுவயச் சொல்லுது” என்றார். மானம் என்று அவர் சொன்னது வானத்தை, காலுவ என்றது கால்வாயை. சற்றுநேரம் கழித்து, இளமையில் தாம் கண்டவையெல்லாம் என்ன என்று தாமே யோசிக்கத் தொடங்கினார். மேற்கு மலைகளில் மழை பெய்து நீர்த்தேக்கம் நிரம்பும், மதகைத் திறப்பார்கள், பாம்புகள் ஏறும், அதே மழை நாலு நாளில் எங்கள் ஊருக்கும் வந்துசேரும். பாம்பும் மழையும் ஒரே காரணத்தால் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை மற்றொன்றின் தூதாக அவர் எடுத்துக்கொண்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் பேச்சை நிறுத்தினார். அப்போது வேறு ஏதோ அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அன்றிரவு உணவு வேண்டாம் என்றுவிட்டார்.

அது என்ன என்பது தைப் பொங்கல் கழிந்து அண்ணன் வந்தபோது தெரிந்தது. நானும் வந்திருந்தேன். அண்ணன் மடிப்புக் கலையாத சட்டையில், கொஞ்சம் பருத்து, முகம் தெளிந்து இருந்தான். அவனுக்கும் தந்தைக்கும் ஒருசேர இலை போட்டு அம்மா பரிமாறினாள். தந்தை இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அன்னிக்கி லாட்ஜுக்காரரப் பாக்கப் போனியே. பஸ்ஸு காலுவப் பாலத்து மேலதானே போவுது?”

“ஆமா நைனா.”

“தண்ணி ஓடிச்சா?”

அண்ணனின் கை சோற்றிலேயே நின்றது. “ஓடிச்சி.”

“பாத்தியா?”

“பாத்தன். கண்டக்டரு கூடச் சொன்னான், தூமு ரிப்பேருக்கு உடறாங்கன்னு.”

“அடப்பாவி!” என்றாள் அம்மா. தந்தை அவளை நோக்கிக் கையை உயர்த்தினார்.

“பாம்பு அதுக்குத்தான் ஏறுதுன்னு உனுக்குத் தெரிஞ்சிதா?”

“வளையில தண்ணி பூந்தா பாம்பு வெளிய வரும்னு யாருக்குத்தான் தெரியாது நைனா? ஊட்டுக்கு வந்தன். நீங்க காயி உடைச்சிகினு இருந்தீங்க.”

“பாதிச் சாக்கு கூட உடைக்கல அப்போ. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்.”

“சொல்லி இருந்தா நீ உடைக்கிறத நிறுத்தியிருப்பே. ஆடி ஆவணி மழைக்குக் காத்துகினு இருந்திருப்பே. போட்டது காஞ்சாதானே நான் போவலாம்னு பேச்சு. போடவே இல்லன்னா நீ என்ன உட்டிருப்பியா? அங்க வேல போயிருக்கும். நான் இங்க நின்னிருப்பன்.” அவன் குரல் தாழ்ந்தது. “இங்க நின்னு நான் இன்னா பண்றது நைனா?”

அம்மா கையில் கரண்டியோடு நின்றாள். அவன் மறைக்கவுமில்லை, அழவுமில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விரைந்து விரைந்து காய் உடைத்தது என் நினைவுக்கு வந்தது. அன்று முறத்தில் விழுந்த ஒவ்வொரு பருப்பும் கருகும் என்று அறிந்தவன் அங்கே அவன் ஒருவனே. ஏர் பிடித்ததும் அவனே.

தந்தை கோபிப்பார் என்று நான் அஞ்சினேன். கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அதுவும் சரிதான்” என்றார். பிறகு, “துன்னு. ஆறிப்போவுது” என்றார்.

இருவரும் உண்டு முடித்தார்கள். அண்ணன் மறுநாள் வரை இருப்பதாகச் சொல்லி வந்தவன், மாலைப் பேருந்துக்கே புறப்பட்டான். தந்தை இந்த முறையும் ஆலமரம் வரை நடந்தார். இருவரும் பேருந்து வரும் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள்.

அதன்பின் என் தந்தை அந்த நிலத்தில் விதைக்கவில்லை. மாடுகளை விற்றுவிட்டார். கீழ்வயல்களில் உடலில் வலு இருக்கும் வரை கூலிக்குப் போனார். புன்செயில் முதலில் புல்லும் பிறகு முள்ளும் ஏறின. அண்ணன் திருச்சானூரிலேயே மணம் முடித்து, வாடகை வீடெடுத்து, விடுதியில் மேலாளரும் ஆனான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வருவான்; வரும்போதெல்லாம் நிலத்தைப் பற்றிக் கேட்பான். குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்பான், மாங்கன்று வைக்கலாம் என்பான், தானே ஆள் வைத்துப் பார்க்கிறேன் என்பான். குற்றவுணர்வால் கேட்டானா, நிலம் வீணாகிறதே என்று கேட்டானா, எனக்குத் தெரியாது. தந்தை ஒருமுறையும் மறுத்ததில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. அவர் சொல்லும் விடை ஒன்றுதான்.

கடைசியாக அவன் கேட்டது ஓர் ஐப்பசியில். இரண்டு நாளாக மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூரையின் தகரத்தில் விழுந்த ஓசையில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. அண்ணன் குனிந்து தந்தையின் காதருகே சொல்ல வேண்டியிருந்தது.

“இன்னா நைனா, நெலத்த ஏதாவது பண்ணலாமா?”

தந்தை சுவரில் சாய்ந்திருந்தார். வாசலில் நீர் ஓடிக்கொண்டிருந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

“மழ வர்ட்டும், பாக்கலாம்” என்றார்.

அண்ணன் குடையை விரித்துக்கொண்டு பேருந்துக்குப் புறப்பட்டான்.